இரண்டு வீட்டுக் குதிரையம்மா

பஞ்சாட்சரத்துக்குத் தறியில் உட்கார்ந்தால் குழப்பம் என்பதே கிடையாது. நாலாயிரம் இழை ஓடுகிற பாவில் ஒரே ஒரு இழை அறுந்தால்கூட, பேச்சை நிறுத்தாமல் கையாலேயே தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவார். தறிக்குழியை விட்டு மேலே ஏறினால்தான் மனிதர் ஒன்றுக்கும் உதவமாட்டார். புளி வாங்கி வரச் சொன்னால் பருப்போடு வருவார். துக்க வீட்டுக்குப் போய் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, மனைவி தில்லையம்மாளிடம் வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இப்படிப்பட்டவர் தலையில் போய், மகளின் நிச்சயதார்த்தத்தன்று, பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தகப்பனுக்கும் வந்திராத ஒரு குழப்பம் விழுந்தது. விழுகிறதுதான் விழுகிறது, கொஞ்சம் விவரமான ஆளாகப் பார்த்து விழக்கூடாதா?

அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். பெண் ஞானாம்பாள், அவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளை மாணிக்கவாசகம், வாலாஜாபாத்தில் தறி போட்டிருக்கும் ஏகாம்பரத்தின் பிள்ளை. பட்டுநூல் கொடுக்கும் சங்கத்தில் குமாஸ்தா. இரண்டு வருஷமாக ஞானம் அப்பாவோடு நூல் வாங்கப் போகும்போதெல்லாம், அவன் தராசு முள்ளைப் பார்க்காமல் யாரைப் பார்த்தான் என்பது பஞ்சாட்சரத்தைத் தவிர சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவர்களாகவே பெண் கேட்டு வந்தபோது, "நல்ல எடம், தானா வருது பாத்தியா" என்று மனிதர் பூரித்துப் போனார். தில்லையம்மாள் மகளைப் பார்த்தாள், மகள் கூரையைப் பார்த்தாள்.

அன்று காலை வீட்டுக்குள் தெருவே உட்கார்ந்திருந்தது. தட்டு மாற்றுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. இரு தரப்புத் தகப்பனும் எழுந்து நின்று, 'இன்ன குலதெய்வத்தைக் கும்பிடும் இன்னார் பேத்தி, இன்னார் மகள்' என்று சபையறியச் சொல்ல வேண்டும். சும்மா சடங்குக்காக இல்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ஒரு வயிற்றில் பிறந்து பிரிந்த வழி. பங்காளி வீட்டுப் பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கை. அதற்குமேல் பேச்சே இல்லை.

அந்த வீட்டுக் குலதெய்வம் குதிரையம்மா. கோயில் கிடையாது, பூசாரி கிடையாது. சுவர் மாடத்தில் ஒரு பலகையில் அரக்கு வைத்துப் பதித்த வெள்ளி வில்லை, அவ்வளவுதான். பழைய ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. பின்னங்காலுக்குப் பதில் மீன்வால் சுருண்ட ஒரு குதிரையின்மேல் ஒரு பெண் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாள். வலது கையில் சூலம், இடது கையில் இலைக்கொத்து. சூலமும் வேப்பிலையுமாக உட்கார்ந்திருப்பவள் அம்மன் இல்லாமல் வேறு யாராம்? பஞ்சாட்சரத்தின் பாட்டனுக்குப் பாட்டன் மதராசுக்கு நூல் வாங்கப் போனபோது கடற்கரையில் கிடைத்தாள் என்று கதை. ஆடி மாதமும் கல்யாண காரியமும் வந்தால் மட்டும் புளி போட்டுத் துலக்குவார்கள். மற்ற நாளெல்லாம் குங்குமத்துக்குள் முழுகிக் கிடப்பாள்.

அன்றைக்குத் துலக்கி வைத்திருந்தார்கள். சபையில் எழுந்து நிற்பதற்கு முன்பு, பெண் வீட்டு சாமியைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஏகாம்பரம் மாடத்தருகே போனார். போனவர் அப்படியே நின்றார்.

"அட! இது எங்க ஊட்டு சூலத்தம்மாடா!" என்று கத்தினார். "சம்மந்தி! இங்க வாங்க! அதே குதுர, அதே மீன்வாலு! எங்க ஊட்லயும் பலகையில இதேதான் இருக்குது!"

சபை முழுக்க ஒரே சந்தோஷம். பஞ்சாட்சரத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "அவளே முடிச்சுப் போட்டு வெச்சிருக்கா பாருங்க!" என்று சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் ஏகாம்பரத்தின் கை தளர்ந்தது. பிறகு பஞ்சாட்சரத்தின் கை தளர்ந்தது. சபையில் யாரோ ஒரு கிழவர், "அப்போ பங்காளிங்கோ" என்று மெதுவாகச் சொன்னார்.

வெற்றிலைத் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மாணிக்கவாசகம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகு பஞ்சாட்சரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். அவருக்குப் பங்காளிகள் பதினான்கு வீடு, எல்லாம் இந்த நாலு தெருவுக்குள். வாலாஜாபாத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனால் தெரு சும்மா இருக்குமா? தெருவில் பாவு நீட்டும் விடியற்காலையில் நூலுக்குக் கஞ்சி தோய்த்துக்கொண்டே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரிந்தபோது ஆளுக்கொரு அம்மனாக எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று ஒருவன் சொன்னான். மதியத்துக்குள் அந்த அண்ணன் தம்பிக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள்.

அவர் நெய்வது, உடம்பும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஓடிக் கோர்க்கும் கோர்வைப் புடவை. உடம்பை அவர் நெய்ய, வலப்பக்கக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க ஞானம் பக்கத்தில் உட்காருவாள். ஏழு வயதிலிருந்து அவள் உட்காரும் இடம் அது. நிச்சயம் கலைந்த மூன்றாம் நாள், நாடாவை வாங்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அப்பா, இனிமே சங்கத்துக்குப் போனா, நான் அவர அண்ணான்னு கூப்படணுமா?"

அவர் முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சிவப்புக்குப் பதில் அரக்கு நிறக் குறுக்கிழையை ஓட்டினார். ஒரு சாண் ஓடியபிறகுதான் தெரிந்தது. அவ்வளவையும் இழை இழையாகப் பிரித்து எடுத்தார். பெண் குழந்தையைப் பெற்று வளர்த்து, ஆசைப்பட்டவனைக் காட்டி, 'இந்தா உன் அண்ணன்' என்று சொல்கிற பாவி உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று உள்ளுக்குள் அழுதார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் தம் வீட்டுப் பலகையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மகனோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருக்கும் மனசு ஆறவில்லை. ஒருவேளை கண் ஏமாந்திருக்கலாம், வால் வேறாக இருக்கலாம், சூலம் இடக்கையில் இருக்கலாம்.

இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வால் வேறாக இல்லை. சூலமும் இடம் மாறவில்லை.

"போச்சு" என்றார் ஏகாம்பரம். "எழுந்திரு மாணிக்கம்."

பஞ்சாட்சரம் எழுந்திருக்கவில்லை. குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையின் பிடரியில் எத்தனை சுருள், வாலில் எத்தனை செதில், இலைக்கொத்தில் எத்தனை இலை என்று விரலால் எண்ணினார். இங்கே எத்தனையோ அங்கேயும் அத்தனை.

"சம்மந்தி, கொஞ்சம் இருங்க. ஒரே தச்சன் ரெண்டு சாமி செஞ்சாகூட மூக்கு ஒண்ணு போல வராது. இது மசுரு வித்தியாசம் இல்லாம இருக்குது. இது கையால செஞ்சது இல்ல, அச்சுல அடிச்சது. பூ வேலைக்கு மாட்டற ஒரே ஜக்கார்டு அட்டையில நான் பத்து பொடவ நெய்யறேன். ஒண்ண இந்த ஊர்க்காரி கட்டிக்கிறா, இன்னொண்ண மாயவரத்துக்காரி கட்டிக்கிறா. அவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

தில்லையம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். இவருக்கா இந்தப் பேச்சு?

"அச்சுன்னா யாரோ அடிச்சிருக்கணும்ல" என்றார் ஏகாம்பரம். "யாரு?"

"பின்னாடி இன்னா இருக்குதுன்னு பாத்தா தெரிஞ்சிடும். அரக்க இளக்கி எடுத்துடலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, தில்லையம்மாள் மாடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். "இன்னாங்க பேசறீங்க? நெருப்புல காட்டி சாமிய பேத்து எடுப்பீங்களா? ஞானத்துக்கு மூணு வயசுல இருபத்தோரு நாள் ஜுரம் அடிச்சுதே, டாக்டரு கைய விரிச்சுட்டாரே, மறந்துடுச்சா? இவ காலடியில கொண்டாந்து போட்டுட்டு, எடுத்துக்கோ இல்ல குடுத்துடுன்னு கத்தினேன். விடியக்காத்தால கஞ்சி கேட்டா பொண்ணு. அவள சாமி இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

பஞ்சாட்சரத்துக்கு எப்படி மறந்திருக்கும்? அந்த இருபத்தோரு நாளும் தறிக்குழியில் உட்கார்ந்து அழுதவர் அவர். இவள் சாமி என்றால் மகளுக்குக் கல்யாணம் இல்லை. சாமி இல்லை என்றால் மகளைக் காப்பாற்றியது யார்? அவர் மனைவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தறிக்கட்டு ஓரத்தில் நின்ற ஞானத்தைப் பார்த்தார்.

கடைசியில் தில்லையம்மாளே ஒரு வழி சொன்னாள். "பூ வெச்சுக் கேப்போம். அவளே சொல்லட்டும்."

செய்தார்கள். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டிக் குதிரையம்மா முன்னால் உருட்டிப் போட்டார்கள். சிவப்பு வந்தால் திற, வெள்ளை வந்தால் தொடாதே. இரண்டு பக்கமும் சேராத ஆள் எடுக்க வேண்டும் என்று, சிவப்பு வந்தால் அரக்கு இளக்க என்று வரச்சொல்லியிருந்த நகைப் பத்தர் ஆதிகேசவனையே எடுக்கச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

சிவப்பு.

"தெறக்கச் சொல்லிட்டா" என்றார் பஞ்சாட்சரம்.

ஏகாம்பரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இருங்க இருங்க. தெறக்கச் சொன்னா, அப்போ பதில் சொல்ற சாமிதானே? சாமின்னா நாம பங்காளிதானே? அப்புறம் எதுக்குத் தெறக்கறது?"

சாமியா இல்லையா என்று பார்க்கலாமா என்று அந்த சாமியிடமே கேட்டால் இப்படித்தான் ஆகும். ஆதிகேசவன் பாவம், கையில் பூவை வைத்துக்கொண்டு, "தெறக்கவா, வேணாவா? கரி அணையுது" என்றார்.

"தெற" என்றாள் தில்லையம்மாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கங்கின் சூட்டில் நூறு வருஷத்து அரக்கு புகைந்து இளகியது. ஆதிகேசவன் கம்பியால் நெம்பினார். வில்லை பலகையிலிருந்து கழன்று அவர் கையில் உருண்டது. மேல்விளிம்பில் ஏதோ மாட்டியிருந்து ஒடிந்த தழும்பு. திருப்பிப் பார்த்தால், ராணி! பழைய ராணித்தலை ரூபாயில் இருக்கிற அதே வெள்ளைக்கார ராணி, அதே கொண்டை.

"அடி ஆத்தீ!" என்றார் ஏகாம்பரம். அப்படியே உட்கார்ந்தார்.

"ராணி இருந்தா இன்னா?" தில்லையம்மாள் விடவில்லை. "காசுமாலையில ராணித்தல இல்லியா? அத அம்மனுக்குப் போடறதில்லியா?" ஆனால் குரலில் பலம் இல்லை.

ஆதிகேசவன் இரண்டாவது பலகையைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். "ஏம்பா, இது பழைய அரக்கு இல்லியே. நேத்து முந்தாநாள் வெச்ச மாதிரி இருக்குது."

எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் மகனைப் பார்த்தார். மாணிக்கவாசகத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான்பா எடுத்தேன். புதன்கெழம மதராசுக்கு எடுத்துக்கினு போனேன். மூர் மார்க்கெட்ல பழைய காசு விக்கறவர்கிட்ட காட்டினேன்."

"சூலத்தம்மாவ பஸ்ல எடுத்துக்கினு போனியாடா? பாக்கெட்ல வெச்சுக்கினா?"

"கர்ச்சீப்ல சுத்தித்தான்பா."

ஏகாம்பரம் அடிக்கக் கை ஓங்கினார். பஞ்சாட்சரம் நடுவில் விழுந்து தடுத்தார். மாணிக்கவாசகம் நகரவில்லை. "அது கப்பல் சண்டைக்குப் போனவங்களுக்குக் குடுத்த மெடலாம். பாய் கட்டிக்கினு கப்பல் ஓட்டின காலத்துல. ஆயிரக்கணக்குல அடிச்சாங்களாம். ஓரத்துல பாருங்க, ஒவ்வொண்ணுலயும் வாங்கினவன் பேரு வெட்டியிருக்கும்னு சொன்னாரு. எங்களுதுல ஜார்ஜ் டன்னுன்னு போட்டிருக்குது."

"இவ்வளோ தெரிஞ்சிக்கினு ஏன்டா வாயத் தெறக்கல?"

அவன் தறிப்பக்கம் ஒரு தடவை பார்த்தான். "இங்கயும் அதே பேரு இருந்துட்டா இன்னா பண்றதுன்னு பயம்பா. அப்போ நெசமாவே ஒரே வழியாயிடுமோன்னு."

பஞ்சாட்சரம் வில்லையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். விளிம்பைச் சுற்றி எழுத்து இருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் கையில் கொடுக்கும்போது, "பாத்துப் படிப்பா, அவசரப்படாத" என்றார்.

மாணிக்கவாசகம் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். அரக்கும் குங்குமமும் அடைத்திருந்த எழுத்தை நகத்தால் நோண்டினான்.

"தாமஸ்" என்றான். "தாமஸ் ஹாலட்."

தறிக்கட்டு ஓரத்தில் ஞானம் பெருமூச்சு விட்டது வீடு முழுக்கக் கேட்டது. பஞ்சாட்சரம் சிரித்தேவிட்டார். "வேற வேற ஆளு! வேற வேற வழி! சம்மந்தி, நாம பங்காளி இல்லீங்க!"

ஆனால் ஏகாம்பரம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பங்காளி இல்ல, சரி. அப்போ நம்ம ரெண்டு ஊட்டுக்கும் குலதெய்வமும் இல்ல. நாளைக்கு சபையில எழுந்து இன்னாத்த சொல்லுவீங்க? யாரோ வெள்ளக்கார சிப்பாயோட மெடல கும்பிடற ஊட்டுப் பொண்ணுன்னா? எந்த சாமிக்குப் பொங்க வெச்சுட்டுத் தாலி கட்டறது? எங்கப்பன், எங்க பாட்டன், எல்லாம் யாரைக் கும்பிட்டு செத்தாங்க?"

பஞ்சாட்சரத்தின் சிரிப்பு நின்றது. இதை அவர் யோசிக்கவே இல்லை. சாமி இருந்தபோது அண்ணன் தங்கை, சாமி போனபிறகு நாதியற்ற வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்யாணம் இல்லை. இதென்னடா கொடுமை! தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"ஏம்பா" என்று தில்லையம்மாள் மெதுவாக மாணிக்கவாசகத்தைக் கேட்டாள். "சண்டைக்குப் போன அத்தினி பேருக்கும் குடுத்தாங்களா இத?"

"இல்லீங்க அத்த. சண்ட முடிஞ்சு முப்பது நாப்பது வருசம் கழிச்சுதான் குடுத்தாங்களாம். கடல்ல செத்தவங்களுக்குக் கெடையாது, நடுவுல செத்தவங்களுக்கும் கெடையாது. அதுவரைக்கும் உசுரோட இருந்தவன் எழுதிக் கேட்டா அவனுக்கு."

"பொழச்சு வந்தவங்களுக்கு மட்டும்."

"ஆமாங்க."

தில்லையம்மாள் கையை நீட்டினாள். அவன் வில்லையைக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பி ராணியைப் பார்த்தாள், மறுபடி திருப்பிக் குதிரையைப் பார்த்தாள். பிறகு ஞானத்தைக் கூப்பிட்டு, இருபத்தோரு நாள் ஜுரத்தில் கிடந்து எழுந்த அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் அதை வைத்து மூடினாள். மூடிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ சரியான எடத்துலதான் இருந்திருக்குது" என்றாள். அழுதுகொண்டே ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பொழச்சு வந்தவன் ஊட்டுல இருந்து பொழச்சு வந்தவ ஊட்டுக்கு வந்திருக்குது. சாமி இல்லன்னு யாரு சொன்னாங்க? உங்க ஊட்டுல பொழச்சு வந்தவங்களே இல்லியா?"

ஏகாம்பரம் தம் வீட்டுப் பலகையை மஞ்சள் துணியால் துடைத்தார். பிறகு, "பாலாத்து வெள்ளத்துல நான் பன்னெண்டு வயசுல போய், சீவரம் கிட்ட கரையேறினேன்" என்றார். "எங்கம்மா சூலத்தம்மாவுக்கு வேண்டிக்கினு இருந்தா."

அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. சபை இல்லை, மேளம் இல்லை. தெருவில் பாவு சுற்றிக்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு உட்காரவைத்தார்கள். ஏகாம்பரம் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "ஜார்ஜ் டன்னு வழி வந்த சூலத்தம்மாவைக் கும்பிடற..." என்று ஆரம்பித்தார். சாட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சாட்சரம் தம் முறை வந்தபோது வழக்கம்போலப் பேரை மறந்துவிட்டார். "தாமஸ்..." என்று நின்றார். "ஹாலட்டு" என்று உள்ளேயிருந்து ஞானம் எடுத்துக்கொடுத்தாள். தட்டு மாறியது.

மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு, ஆதிகேசவன் வில்லையைத் திரும்பப் பதிக்க அரக்கு காய்ச்சினார். ஓரத்தை மூடாமல் பதிக்கச் சொன்னாள் தில்லையம்மாள். இத்தனை வருஷமாக ஒருத்தன் பேரை அரக்காலும் குங்குமத்தாலும் அடைத்துவைத்துவிட்டோமே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. பஞ்சாட்சரம் மாடத்துக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"தில்ல, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. பூ வெச்சுக் கேட்டமே, அப்போ சிவப்பக் குடுத்தது யாரு? அம்மனா, அந்த வெள்ளக்காரனா, இல்ல ராணியா?"

தில்லையம்மாள் குங்குமச் சிமிழைத் திறந்து, விரலில் தொட்டு, விளிம்பின் எழுத்து மறையாதபடி ஒரே ஒரு பொட்டு வைத்தாள்.

"யாரா இருந்தா இன்னாங்க" என்றாள். "ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் என் பொண்ணத் திருப்பிக் குடுத்துட்டாங்க."